உடம்புக்குள்ள மெஷின் ஓடுற பி.ஜி.எம்: புதுசா கேக்க வர்றவங்களுக்கு ஒரு வழி

நம்ம ஊர்ல பி.ஜி.எம்னு சொன்னா ஹீரோ என்ட்ரி, இன்டர்வல் பிளாக், தியேட்டர் விசில், அதுதான் முதல்ல ஞாபகத்துக்கு வரும். இங்க சொல்லப்போறது வேற ஒரு ரகம். மனுஷ உடம்பு, அதுக்குள்ள புகுந்துட்ட டிவி, கார், சிப், ஆபரேஷன் கத்தி, இதையெல்லாம் பத்தின படங்களுக்கு சிந்தசைசர்லயும் (மின்சாரத்துலயே சத்தம் உண்டாக்குற வாத்தியம்) ஜுரம் வந்த மாதிரி ஒலிக்கிற வயலின்லயும் போட்ட இருட்டான இசை. முதல் தடவ கேக்குறப்ப "இதுல ட்யூன் எங்கப்பா"ன்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான், பாதிக்கு மேல ட்யூனே இருக்காது. அப்ப எதைத்தான் கேக்குறது? இந்த சத்தம் உடம்புல இருந்து வருதா மெஷின்ல இருந்து வருதா, அதை மட்டும் கவனிங்க. நல்ல ஸ்கோர்னா, அதாவது படத்துக்கு எழுதின பின்னணி இசைன்னா, கொஞ்ச நேரத்துல உங்களால பிரிச்சுச் சொல்ல முடியாமப் போயிரும், அந்தக் குழப்பத்துக்காகத்தான் இதைக் கேக்குறதே.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். கீழ வர்ற படங்கள்ல முக்கால்வாசி பெரியவங்களுக்கு மட்டும். ரத்தம், செக்ஸ், சதை கிழியுறது எல்லாம் உண்டு. ஹால்ல குடும்பத்தோட உக்காந்து போட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க. படம் பாக்க மனசு வரலைன்னா ஆல்பத்தை மட்டும் கேளுங்க, ஒண்ணும் குறைஞ்சுடாது, சிலதுக்கு அதுதான் நல்லாவும் இருக்கு.

முதல் படி: போன் ஸ்பீக்கரை மறந்துருங்க

இந்த வகை இசையோட சரக்கு பூரா அடிப்பகுதில இருக்கு, அதாவது காதுல விழுறதுக்கு முன்னாடி நெஞ்சுல தட்டுற சத்தம். போன் ஸ்பீக்கர்ல அது வரவே வராது, மேல இருக்கிற கீச்சு கீச்சு மட்டும்தான் கேக்கும், அதை வெச்சு "சும்மா இரைச்சல்"னு முடிவு பண்ணிருவீங்க. காதை மூடுற ஹெட்ஃபோன் இருந்தா நல்லது, இல்லைன்னா சாதா வயர் இயர்ஃபோன் போதும். பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆஃப் பண்ணிருங்க, அது போட்டா எல்லாம் ஒரே கொழகொழன்னு ஆயிடும். வால்யூம் பாதிலயே இருக்கட்டும், ஏன்னா அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே இல்லாம போயிட்டு திடீர்னு காதைக் கிழிக்கிற பழக்கம் இந்த ஆளுங்களுக்கு உண்டு. பஸ்ல கேக்க வேணாம், என்ஜின் சத்தமே அடிப்பகுதியை முழுங்கிரும்.

ரெண்டாவது படி: தெரிஞ்ச இடத்துல இருந்து கிளம்புங்க

நேரா கஷ்டமானதுல குதிச்சா ஓடிருவீங்க. அதனால 1984ல வந்த டெர்மினேட்டர்ல ஆரம்பிங்க. அந்த "டன் டன் ட டன் டன்" தெரியாதவங்க யாரும் இல்ல. ஆனா அதை உக்காந்து எண்ணிப் பாத்துருக்கீங்களா? இசையமைச்ச பிராட் ஃபீடல், ப்ராஃபெட்-10ங்கிற சிந்தசைசர்ல அந்தத் தாளத்தை லூப்பா, அதாவது திரும்பத் திரும்பச் சுத்துற மாதிரி, போட்டார். அப்ப மெஷினை மெஷினோட தானா சேர்த்து ஓட்டுற வசதியெல்லாம் அவர்கிட்ட இல்ல, கையாலதான் பட்டனை அமுக்கணும், அமுக்கினதுல ஒரு துளி தவறிப்போய் லூப் கோணலா சுத்த ஆரம்பிச்சது. அவருக்கு அந்தக் கோணல் பிடிச்சுப்போச்சு, விட்டுட்டார். அது 13க்கு 16ங்கிற கணக்குல, அதாவது ஒரு சுத்துக்கு 13 சின்ன அடியா, ஓடுதுன்னு பல வருஷம் கழிச்சுதான் எண்ணிப் பாத்தாங்க. 3, 3, 3, 2, 2ன்னு விரல் விட்டுப் பாருங்க, சரியா உக்காரும். கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு இது பெரிய விஷயமே இல்ல, சங்கீர்ண ஜாதி திரிபுட தாளம் 9, 2, 2ன்னு இதே 13 அட்சரம்தானே.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தத் தாளம் இதயத் துடிப்பு மாதிரி ஆரம்பிக்குது, ஆனா எந்த இதயமும் அப்படித் துடிக்காது. சாதாரணமா ஒரு மனுஷனுக்கு நிமிஷத்துக்கு 60ல இருந்து 100 துடிப்பு, ரெண்டு சத்தம் சேர்ந்து ஒரே மாதிரி. இங்க ஒவ்வொரு சுத்துலயும் கடைசில கால் இடறுது. மேல தோலும் உள்ள இரும்புமா இருக்கிற ஒரு ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான நாடி கிடைக்காது. அந்த "டங்"ங்கிற உலோகச் சத்தம்கூட பெரிய மெஷின் எல்லாம் இல்ல, வாணலியைத் தட்டினது. அடுப்படிச் சாமான்ல இருந்து ஒரு ரோபோவைக் கிளப்பியிருக்கார் மனுஷன்.

மூணாவது படி: எந்த ஆல்பம்னு பாத்துக் கேளுங்க

இது சின்னப் படிதான், ஆனா இங்கதான் நிறைய பேர் தடம் மாறுவாங்க. பிளேடு ரன்னர் 1982ல வந்துச்சு, வாங்கெலிஸோட இசை, எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த வருஷம் ஆல்பம்னு வெளிவந்தது வேற ஒரு ஆர்க்கெஸ்ட்ரா மறுபடி வாசிச்சது, அவரோட சொந்தப் பதிவு ஆல்பமா வர 1994 ஆயிடுச்சு. ஆகவே தேடும்போது வாங்கெலிஸ் பேரு போட்டு 1994ன்னு இருக்கான்னு பாருங்க. அவர் வாசிச்ச யமஹா சிஎஸ்-80 சிந்தசைசர் ஏறக்குறைய 100 கிலோ எடை, ரெண்டு பேர் சேர்ந்தாதான் தூக்க முடியும். அதுல ஒரு விசேஷம், கட்டையை அமுக்கின பிறகும் விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினா சத்தம் மாறும், அதுவும் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா. சாதா கீபோர்டுல அமுக்கினதோட கதை முடிஞ்சுது. இதுல விரலோட பாரம், தயக்கம், நடுக்கம் எல்லாம் சத்தத்துக்குள்ள போகுது. செயற்கை மனுஷங்க அழுறதைப் பத்தின படத்துக்கு உடம்பைப் புரிஞ்சுக்கிற மெஷின்லயே வாசிச்சிருக்கார்ங்கிறது தெரிஞ்சப்புறம் கேட்டா அந்த நீட்டி இழுக்கிற சுரங்கள் வேற மாதிரி இருக்கும்.

இதே மாதிரி பேரு குழப்பம் இன்னும் இருக்கு. கிராஷ்னு தேடினா 2004ல வந்து ஆஸ்கர் வாங்கின படம் வந்து நிக்கும், நமக்கு வேண்டியது 1996. கிரைம்ஸ் ஆஃப் தி ஃப்யூச்சர்னு அந்த 1996 கிராஷை எடுத்த டைரக்டர் டேவிட் க்ரோனென்பெர்க்கே ரெண்டு படம் எடுத்திருக்கார், 1970ல ஒண்ணு, 2022ல ஒண்ணு, கதைக்குச் சம்பந்தமே இல்ல, நமக்கு வேண்டியது ரெண்டாவது. வருஷத்தையும் இசையமைப்பாளர் பேரையும் சேர்த்துப் போட்டே தேடுங்க.

நாலாவது படி: ஷோர், க்ரோனென்பெர்க். இங்க கொஞ்சம் தங்கணும்

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூணு படத்துக்கும் மியூசிக் போட்டு மூணு ஆஸ்கர் வாங்கின ஹோவர்ட் ஷோரைத் தெரியும்ல, குட்டிப் பசங்க புல்வெளில ஓடுறப்ப புல்லாங்குழல் வருமே, அவரேதான். அதுக்கு 20 வருஷம் முன்னாடியே அந்த மனுஷன் டொரண்டோல டேவிட் க்ரோனென்பெர்க்கோட உக்காந்து வயித்துக்குள்ள கேசட் சொருகுற படத்துக்கெல்லாம் இசை போட்டுட்டு இருந்தார். ரெண்டு பேரும் டொரண்டோக்காரங்க. 1979ல தி ப்ரூட்ல சேர்ந்தாங்க, அதுக்கப்புறம் 1983ல வந்த டெட் ஸோன் ஒண்ணைத் தவிர (அது மைக்கேல் கேமன்) எல்லாப் படத்துக்கும் ஷோர்தான், 2024ல வந்த தி ஷ்ரௌட்ஸ் வரைக்கும். இவ்ளோ வருஷம் ஒரே விஷயத்தை, அதாவது உடம்பு மாறுறதை, ஒரே ஜோடி திரும்பத் திரும்பத் தோண்டியிருக்கிறதால புதுசா வர்றவங்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

எல்லாத்தையும் கேக்க வேணாம். முதல்ல வீடியோட்ரோம், 1983. கதை இவ்ளோதான்: மேக்ஸ் ரென்னு டொரண்டோல ஒரு சின்ன டிவி சேனல் நடத்துற ஆள், கில்மா சரக்கு தேடித் தேடிப் போடுறவன், எங்கயோ இருந்து வர்ற ஒரு சித்திரவதை நிகழ்ச்சியோட சிக்னலைப் பிடிக்கிறான், அதைப் பாக்கப் பாக்க அவன் மூளைல ஏதோ ஆகுது, டிவிப் பெட்டி மூச்சு விடுது, அவன் வயித்துல ஒரு பிளவு திறக்குது, அதுக்குள்ள வீடியோ கேசட் சொருகுறாங்க, கைத்துப்பாக்கி கையோட சதையா ஒட்டிக்குது. இப்ப சொல்லுங்க, இதுக்கு எப்படி பி.ஜி.எம் போடுவீங்க?

ஷோர் என்ன பண்ணார்னா முதல்ல ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுற மாதிரி முழுசா நோட்டு எழுதினார். அப்புறம் அதை சின்க்ளேவியர் டூங்கிற டிஜிட்டல் மெஷின்ல ஏத்தினார், அந்தக் காலத்துல ரொம்பப் புதுசு. அதோட நிக்கல, சின்னதா ஒரு வயலின் குழுவைக் கூப்பிட்டு மெஷின் வாசிக்கும்போது கூடவே வாசிக்க வெச்சுப் பதிவு பண்ணார். ஆக ஒரே நோட்டை மெஷினும் வாசிக்குது, மனுஷனும் வாசிக்கிறான். படம் போகப் போக மேக்ஸுக்கு எது நெசம் எது பிரமைன்னு தெரியாமப் போற மாதிரி நமக்கும் எது வயலின் எது சின்க்ளேவியர்னு தெரியாமப் போகுது. ஹீரோவுக்கு வந்த வியாதியை கேக்குறவன் காதுக்கும் தொத்த வெச்சிட்டார். இதை நான் வெறும் டெக்னிக்கா பாக்கல, படத்தோட மொத்தக் கதையும் அந்த ரெக்கார்டிங் முறைக்குள்ளயே இருக்கு, டயலாக் இல்லாமலே.

இதைக் கேக்குறதுக்கு ஒரு முறை சொல்றேன், அப்படியே பண்ணுங்க. ஆல்பத்தை எடுத்து முதல் தடவ சும்மா ஓட விடுங்க, ஒண்ணும் யோசிக்காதீங்க. ரெண்டாவது தடவ ஒரு பேப்பர் வெச்சுக்கிட்டு ஒவ்வொரு நீள சுரத்துக்கும் அது எப்படி ஆரம்பிக்குதுன்னு மட்டும் கவனிங்க. வில்லை வெச்சு இழுத்த வயலின்னா ஆரம்பத்துல ஒரு சின்ன உரசல் இருக்கும், கம்பியும் ரோமமும் பிடிக்கிற அந்த ஒரு கணம். பழைய டிஜிட்டல் மெஷின்னா சுத்தமா, கதவு திறந்த மாதிரி டக்குன்னு வரும், கொஞ்சம் கண்ணாடித்தனம் இருக்கும். சுரத்தோட நடுவுல கேட்டா வித்தியாசம் தெரியாது, ஆரம்பத்துலயும் முடிவுலயும்தான் துப்பு கிடைக்கும். மூணாவது தடவ படத்தோட பாருங்க, பேப்பர்ல குறிச்ச இடமெல்லாம் திரைல என்ன நடக்குதுன்னு பாத்தா நீங்களே சிரிச்சிருவீங்க, இல்லைன்னா வயித்தைத் தடவிப் பாப்பீங்க.

அடுத்து கிராஷ், 1996. கார் விபத்துல காம சுகம் தேடுற ஒரு கூட்டத்தைப் பத்தின படம், ஜே.ஜி. பாலர்டோட 1973 நாவல்ல இருந்து எடுத்தது, கேன்ஸ் பட விழாவுல ஒரு பக்கம் கூச்சல், இன்னொரு பக்கம் ஜூரியோட சிறப்புப் பரிசு. இதுல சிந்தசைசர் தேடாதீங்க. ஆறு எலக்ட்ரிக் கிட்டார், மூணு ஹார்ப் (யாழ் மாதிரி பெரிய கம்பி வாத்தியம்), கூட கொஞ்சம் குழல் வாத்தியமும் தாள வாத்தியமும். ஆறு கிட்டார்னா ராக் கச்சேரின்னு நெனச்சிருவீங்க, கிடையாது. ஒவ்வொரு கிட்டாரும் சின்னச் சின்னதா ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி வாசிச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, குளிர்ந்த உலோகத்தைத் தடவுற மாதிரி. ஹார்ப்பும் கம்பிதான், கிட்டாரும் கம்பிதான், ஒண்ணு விரலால மட்டும் பேசுது, இன்னொண்ணு மின்சாரத்துல பேசுது, ரெண்டும் உரசுற இடத்துல தோலும் தகரமும் உரசுற மாதிரி ஆகுது. வீடியோட்ரோமை விட எனக்கு இதுதான் பெருசு, சண்டைக்கு வர்றவங்க வரலாம். இதுல எலக்ட்ரானிக்ஸ் ஒரு மெஷின்ல இல்ல, மனுஷங்க கைல இருக்கு, அதனால இன்னும் அசிங்கமா, இன்னும் நெருக்கமா இருக்கு.

அப்புறம் நேரா 2022க்குத் தாவுங்க, கிரைம்ஸ் ஆஃப் தி ஃப்யூச்சர். மனுஷங்களுக்கு வலி ஏறக்குறைய மறந்துபோன ஒரு காலம், ஒருத்தன் உடம்புல புதுப்புது உறுப்பா முளைக்குது, அதை அவன் கூட்டாளி மேடைல வெச்சு அறுத்தெடுக்குறது கலை நிகழ்ச்சி. ஏதன்ஸ்ல எடுத்த படம், அழுக்குச் சுவரு, துருப்பிடிச்ச கப்பல். இங்க சிந்தசைசர்தான் ராஜா. ஆனா 1983ல இருந்த அந்தச் சண்டை இங்க இல்லங்கிறதைக் கவனிங்க. வீடியோட்ரோம்ல மெஷின் உள்ள வர்றது நோயா ஒலிச்சுது. இங்க அது மெதுவா, கம்பீரமா, கோயில்ல கேக்குற ஏதோ மாதிரி ஒலிக்குது, உடம்பு சமாதானம் ஆயிடுச்சு. ரெண்டையும் ஒரே சாயங்காலத்துல அடுத்தடுத்துக் கேட்டா ரெண்டு கிழவனுங்க கிட்டத்தட்ட 40 வருஷத்துல எங்க வந்து சேர்ந்தாங்கன்னு புரியும்.

ஷ்ரௌட்ஸ் கடைசில பாத்துக்கலாம். புதைச்ச உடம்பு அழுகுறதை கல்லறைக் கல்லுல இருக்கிற ஸ்கிரீன்ல பாக்குற தொழில்நுட்பம் பத்தின கதை, க்ரோனென்பெர்க் தன் மனைவி 2017ல இறந்த துக்கத்துல இருந்து எழுதினது. முதல் நாளே இதுக்குப் போனா பாரம் தாங்காது.

தி ஃப்ளை (1986), டெட் ரிங்கர்ஸ் (1988) ரெண்டையும் யாராவது இந்த லிஸ்ட்ல சேர்த்துச் சொன்னா தலையாட்டிட்டு விட்டுருங்க. ரெண்டும் அருமையான ஸ்கோர், ஷோரோடதுதான், ஆனா பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இசை, எலக்ட்ரானிக் கணக்குல வராது. ஃப்ளையை 2008ல பாரிஸ்ல ஓபராவாவே மேடை ஏத்தினாங்க.

அஞ்சாவது படி: இப்ப பின்னாடி போங்க, 1956க்கு

வரலாற்றை முதல்ல படிச்சுட்டு அப்புறம் கேளுங்கன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, தூங்கிருவீங்க. ஷோரைக் கேட்டப்புறம் ஃபர்பிடன் பிளானட்ங்கிற படத்துக்குப் போனா சுவாரசியம் வேற. முழுநீளப் படத்துக்கு முழுக்க முழுக்க எலக்ட்ரானிக்கா வந்த முதல் இசை இது. செஞ்சவங்க லூயி பாரன், பீபி பாரன்னு ஒரு கணவன் மனைவி, நியூயார்க்ல வீட்டுக்குள்ளயே ஸ்டுடியோ. கல்யாணப் பரிசா ஒரு டேப் ரெக்கார்டர் வந்துச்சு, அதுல இருந்து ஆரம்பிச்ச பைத்தியம்.

அந்தக் காலத்துல கடைல வாங்குற சிந்தசைசர் எல்லாம் கிடையாது. நார்பர்ட் வீனர் 1948ல எழுதின சைபர்நெட்டிக்ஸ் புத்தகத்தை வெச்சுக்கிட்டு இவங்க தாங்களே சர்க்யூட் கட்டினாங்க. உயிருள்ள பிராணியும் மெஷினும் ஒரே மாதிரி விதிகள்லதான் தன்னைக் கட்டுப்படுத்திக்குதுன்னு சொல்ற புத்தகம் அது. லூயி சர்க்யூட்டைக் கட்டி அளவுக்கு மீறி மின்சாரத்தை விடுவார், அது கத்தும், முனகும், துடிக்கும், அப்புறம் கருகிப்போயிரும். போனது போனதுதான், அதே சத்தத்தை மறுபடி வரவைக்க முடியாது. அதனால ஓடும்போதே டேப்ல பிடிச்சு வெச்சுக்கிட்டு, மணிக்கணக்குல இருக்கிற டேப்பை பீபி உக்காந்து கேட்டு, பொறுக்கி, அதுல இருந்து இசை எடுப்பாங்க. ஒவ்வொரு சர்க்யூட்டையும் கதைல ஒரு பாத்திரமாவே நடத்தினாங்க, அதுக்குப் பிறப்பும் உண்டு சாவும் உண்டு. அந்தப் படத்துல ராட்சசன் சாகுற இடத்துல கேக்குறப்ப இது ஞாபகம் இருக்கட்டும்.

இசைக்கலைஞர் சங்கம் வேற சும்மா இருக்கல. அவங்க சங்கத்துல இல்லாத ஆளுங்க பண்ணதை இசைன்னு போடக்கூடாதுன்னு தகராறு வரும்னு ஸ்டுடியோ பயந்துருச்சு, அதனால டைட்டில்ல மியூசிக்னு போடாம எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்னு போட்டாங்க.

அவங்க ரிங் மாடுலேட்டர்னு ஒண்ணைத் தாராளமா பயன்படுத்தினாங்க, இது தெரிஞ்சுக்கிட்டா மத்த எல்லா ஆல்பத்துலயும் அடையாளம் கண்டுபிடிக்கலாம். ரெண்டு சத்தத்தை உள்ள விட்டா அது ரெண்டோட கூட்டலையும் கழித்தலையும் மட்டும் வெளிய தள்ளும். 300 ஹெர்ட்ஸும் (செகண்டுக்கு 300 அதிர்வு) 70 ஹெர்ட்ஸும் போட்டா 370, 230 வரும், போட்ட ரெண்டும் காணாமப் போயிரும். வர்ற சுரங்களுக்கு ஒண்ணுக்கொண்ணு உறவு இல்லாததால காது அதை மணி மாதிரியும் தகரம் மாதிரியும் எடுத்துக்குது. மனுஷக் குரலை அதுக்குள்ள விட்டா ரோபோக் குரல் வர்றதும் இதனாலதான்.

ஆறாவது படி: வயலினுக்கு உடம்பு சரியில்லாமப் போற ரகம்

2013ல வந்த அண்டர் தி ஸ்கின், மைக்கா லெவியோட முதல் சினிமா ஸ்கோர். மனுஷத் தோலைப் போத்திக்கிட்டு ஸ்காட்லாந்துல வேன் ஓட்டிட்டுத் திரியுற ஒரு வேற்றுக்கிரக ஜீவன், ஆம்பளைங்களை வலைல இழுக்குது. இங்க லெவி முக்கியமா நம்பினது வயோலாவை, வயலினை விடக் கொஞ்சம் பெரிய, கனமான குரல் உள்ள அதோட அண்ணன். அதை வாசிச்சு, மெதுவாக்கி, சுருதி பிசகவிட்டு, தேனீக் கூட்டம் மாதிரி நடுங்கவிட்டு, அடில ஒரே ஒரு தட்டல், மெதுவா, இன்னும் மெதுவா. வாத்தியம் பழையது, ஆனா பதிவை இழுத்ததால அதுல இருந்து உசுரு உருவப்பட்டிருக்கு. உள்ள ஆள் இல்லாத தோல் எப்படி இருக்கும்னு கேட்டா இப்படித்தான் இருக்கும். அந்த ஜீவனுக்கு மெல்ல மனுஷ உணர்ச்சி எட்டிப் பாக்குறப்ப அதே வாத்தியத்துல சட்டுனு ஒரு இனிமை வரும், அந்த இடத்தை நீங்களே கண்டுபிடிங்க, சொல்லிட்டா கெட்டுரும்.

இதோட சேர்த்து 2018ல வந்த அனைஹிலேஷன். பென் சாலிஸ்பரி, ஜெஃப் பாரோ ரெண்டு பேரும் போட்டது. படம் நெடுக அக்கூஸ்டிக் கிட்டார் மாதிரி வீட்டுத்தனமான சத்தம், மனுஷக் குரல், அப்புறம் கடைசில கலங்கரை விளக்கத்துக்குள்ள போனதும் ஒரு மெஷின் சத்தம் வாயைத் திறக்கும் பாருங்க. படத்தோட கருவே உயிரணுக்கள் ஒண்ணோட ஒண்ணு கலந்து மாறுறதுதான், அதை இசையும் பண்ணிருச்சு. புதுசா கேக்குறவங்களை மாட்ட வைக்க இதைவிட நல்ல தூண்டில் இல்ல, அந்தக் கடைசி 10 நிமிஷத்தை மட்டும் ஃப்ரெண்ட்ஸுக்குப் போட்டுக் காட்டுங்க.

2021ல கேன்ஸ்ல பெரிய பரிசு வாங்கின டிட்டேன் இருக்கு, தலைல டைட்டானியம் தகடு வெச்ச பொண்ணுக்கும் காருக்கும் நடுவுல நடக்குற கதை, இசை ஜிம் வில்லியம்ஸ். 2020ல வந்த பொசஸருக்கும் அவர்தான், அதை எடுத்தது க்ரோனென்பெர்க்கோட மகன் பிராண்டன். குடும்பத் தொழில்.

ஏழாவது படி: டெட்சுவோ, துணிஞ்சவங்களுக்கு

1989, ஜப்பான், ஷின்யா ட்சுகாமொட்டோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஆபீஸ் போற ஒரு சாதாரண ஆளோட உடம்பு பூரா இரும்பா, வயரா, குழாயா முளைக்குது. சூ இஷிகாவாவோட இசை கிட்டத்தட்ட ஒரு பட்டறைல உக்காந்து அடிக்கிறதுதான், தகரம், சுத்தியல், டிரம் மெஷின். மேல சொன்னதெல்லாம் உங்களை மெல்ல மயக்கும், இது சட்டையைப் பிடிச்சு இழுக்கும். வால்யூமைக் குறைச்சுட்டு ஆரம்பிங்க. பிடிக்கலைன்னா அஞ்சு நிமிஷத்துல நிறுத்திட்டு அடுத்ததுக்குப் போங்க, யாரும் பரீட்சை வைக்கப் போறதில்ல.

எட்டாவது படி: நீங்களே ஒண்ணு செஞ்சு பாருங்க

கேட்டுட்டே இருந்தா ஒரு எல்லைக்கு மேல காது பழகாது, ஒரு தடவ கையால செஞ்சுட்டா எல்லா ஆல்பமும் திறந்துரும். பெரிய சாமான் எதுவும் வேணாம். 2019ல வந்த செர்னோபில் சீரியலுக்கு ஹில்டூர் குத்னாதோத்திர் என்ன பண்ணாங்கன்னா, லிதுவேனியால மூடிப்போட்ட இக்னாலினா அணுமின் நிலையத்துக்கே போய், பம்ப் அறை, கதவு, வெறும் ஹால் எதிரொலி, இதையெல்லாம் பதிவு பண்ணிட்டு வந்து அதுலயே இசையைக் கட்டினாங்க, கூட தன்னோட குரல். கண்ணுக்குத் தெரியாம உடம்புக்குள்ள போற கதிர்வீச்சுக்கு அந்தக் கட்டடமே வாய் திறந்த மாதிரி இருக்கும். நம்மகிட்ட அணுமின் நிலையம் இல்ல, ஃப்ரிட்ஜ் இருக்கு.

ராத்திரி வீடு அடங்கினதும் போன்ல ரெண்டு பதிவு எடுங்க. ஒண்ணு உங்க மூச்சு, மைக்கை வாய்க்கு நேரா வெக்காம கன்னத்துப் பக்கமா வெச்சு அரை நிமிஷம், இல்லைன்னா காத்து டமார் டமார்னு அடிக்கும். இன்னொண்ணு ஃப்ரிட்ஜோட முதுகுப் பக்கம், கம்ப்ரெசர் ஓடும்போது. நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால அந்த ரீங்காரத்துல 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு சுரம் தம்புரா மாதிரி நின்னு ஒலிக்கும், அதுதான் உங்க ட்ரோன், அதாவது விடாம ஒலிக்கிற அடிச்சுரம்.

கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ரெண்டையும் இழுத்துப் போடுங்க. மூச்சை செலக்ட் பண்ணி வேகத்தைப் பாதியாக்குங்க, நீளம் ரெண்டு மடங்காகும், சத்தம் ஒரு ஸ்தாயி கீழ இறங்கும், உங்க மூச்சு ஒரு பெரிய மிருகத்தோட மூச்சா ஆயிடும். ஃப்ரிட்ஜ் பதிவுக்கு பால்ஸ்ட்ரெட்ச்னு ஒரு எஃபெக்ட் இருக்கு, அது சுருதியை மாத்தாம பல மடங்கு நீட்டிரும், கரகரப்பெல்லாம் கரைஞ்சு மேகம் மாதிரி ஆகும். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, ஃப்ரிட்ஜை மெதுவா ஏத்தி மூச்சை மெதுவா இறக்குங்க. கொஞ்சமா ரிவெர்ப் (பெரிய ஹால்ல கேக்குற மாதிரி எதிரொலி), அதிகமாப் போட்டா கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி ஆயிடும், எல்லாப் புதுசும் அங்கதான் மாட்டும். மூச்சு இறங்கி ஃப்ரிட்ஜ் ஏறுற அந்த நடு இடத்தை மட்டும் வெட்டி எடுத்து லூப் பண்ணுங்க, லூப் முடியுற இடத்தை ஒழுங்கா சீவாதீங்க, ஃபீடல் விட்ட மாதிரி கொஞ்சம் கோணலா விடுங்க. டபிள்யூஏவி ஃபைலா சேவ் பண்ணிக்கோங்க, எம்பி3யை ரொம்ப இறுக்கிப் போட்டா நுணுக்கமெல்லாம் செத்துரும்.

கடைசியா, இதைப் போட்டுக்கிட்டு வேலை பாக்கலாமான்னு கேப்பீங்க. பிளேடு ரன்னர் தாராளமா, கோடிங்குக்கே எழுதின மாதிரி இருக்கும். கிரைம்ஸ் ஆஃப் தி ஃப்யூச்சரும் ஓகே. கிராஷ் போட்டா வேலை நடக்காது, கிட்டாரைத்தான் எண்ணிட்டு இருப்பீங்க. டெட்சுவோ வேணாம், கீபோர்டு உடையும். கார் ஓட்டும்போது கிராஷ் போடணும்னு ஒரு ஆசை எல்லாருக்கும் வரும், தயவுசெஞ்சு வேணாம்.